பழைய ஃபிளாட் வாங்கினா என்ன தப்பு?

நம்ம வாசுதேவநல்லூர் பக்கம் வீடுன்னா முதல்ல மனை. மனை வாங்கி, வானம் தோண்டி, நிலை வச்சுக் கட்டினாத்தான் அது வீடு. சென்னையில வேலை பார்க்கிற சீனியர் யாராவது ஃபிளாட் வாங்கப் போறேன்னு சொன்னா, "அந்தரத்துல தொங்குறதுக்கா இம்புட்டு ரூவா?"ன்னு வீட்ல கேப்பாங்க. அதுவும் 30 வருஷப் பழைய ஃபிளாட்டுன்னா பேச்சே கிடையாது.

எனக்கு அந்தப் பழைய ஃபிளாட் மேல ஒரு மரியாதை உண்டு. காரணம் எளிய கணக்குதான். ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி மனையில, 900 சதுர அடி வீதம் நாலு வீடு இருந்தா, ஒவ்வொருத்தருக்கும் 600 சதுர அடி நிலம் பங்கு. பத்திரத்துல 'பிரிபடாத பாகம்'னு எழுதியிருப்பாங்க, எல்லாரும் யூ.டி.எஸ்.னு சொல்றது இதைத்தான். இருபது மாடிப் புதுக் கட்டடத்துல அதே அளவு வீட்டுக்கு இதுல பாதி கிடைச்சாலே பெரிசு. ஆக, தாத்தா கேட்ட தரை பழைய ஃபிளாட்லதான் அதிகமா இருக்கு!

பிரச்சனை சுவர்ல இருக்கு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்துல உப்புக்காத்து கான்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். அதனால கம்பி உப்பி, மேல இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளி உதிர்த்துடும். சென்னை நிலநடுக்க மண்டலம் 2-ல இருந்து 3-க்கு மாறினதே 2002-லதான். அதுக்கு முன்னாடி கட்டினது பழைய கணக்குல டிசைன் பண்ணது. இடிஞ்சு விழும்னு சொல்ல வரல, பார்க்காம வாங்காதீங்கன்னு சொல்றேன்.

ஜப்பான்லயும் இதே கேள்விதான். (அங்க சாதாரண அபார்ட்மெண்ட்டுக்கே 'மான்ஷன்'னு பேரு!) டோக்கியோவைத் தாண்டி சின்ன நகரங்களுக்குப் போனா பழைய ஃபிளாட் ரொம்ப மலிவு. ஆனா வாங்குறவங்க முதல்ல பார்க்கிறது 1981 ஜூனுக்கு அப்புறம் அனுமதி வாங்கின கட்டடமான்னுதான். அப்போதான் நிலநடுக்க விதியை அங்க கடுமையாக்கினாங்க. அடுத்தது பழுது நிதி. மாசாமாசம் பராமரிப்புக்கு ஒரு தொகை, பெரிய பழுதுக்குன்னு தனியா இன்னொரு தொகை. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை சாரம் கட்டி முழுக் கட்டடத்தையும் பார்ப்பாங்க. அந்த நிதி காலியா இருந்தா, விலை எவ்வளவு மலிவா இருந்தாலும் யோசிப்பாங்க.

நம்ம அசோசியேஷன்கள்ல மெயின்டனன்ஸ் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் மோட்டார் ரிப்பேருக்குமே சரியா இருக்கும். மொட்டை மாடி ஒழுகினா, மேல் வீட்டுக்காரர் மட்டும் கத்துவார். கீழ் வீட்டுக்காரர் "எனக்கு ஒழுகல"ன்னு சொல்லிடுவார். கட்டடம் வயசால சாகுறதை விட இந்தச் சண்டையில சாகுறதுதான் அதிகம்னு எனக்குத் தோணுது.

நல்ல செய்தியும் இருக்கு. முன்னாடி ஒருத்தர் முரண்டு பிடிச்சாலே இடிச்சுக் கட்டுறது நின்னு போகும். 2022-ல வந்து 2024 மார்ச்ல அமலான தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிச்சாப் போதும். ஜப்பான்ல பொதுவா அஞ்சுல நாலு பங்கு வேணும், நம்ம சட்டம் இதுல தாராளம். ஆனா வாடகைக்கு இருக்க வேண்டிய ரெண்டு வருஷத்தையும், பில்டர் பாதியில விட்டா என்ன ஆகும்ங்கிறதையும் சேர்த்துக் கணக்குப் போடணும்.

வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துக்குவார். விற்கிறவர் புதுசா பெயின்ட் அடிச்ச ஹாலைக் காட்டுவார். கார் நிறுத்துற இடத்துத் தூணையும், பாத்ரூம் சீலிங்கையும், அசோசியேஷன் கணக்கு நோட்டையும் நாமளாத்தான் கேட்டுப் பார்க்கணும். தூணுல நீளவாக்குல விரிசல் இருந்தா உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்க வாய்ப்பு அதிகம். நம்ம லேப்ல ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் தட்டிப் பார்க்கிற ரீபவுண்ட் ஹேமருக்கு உண்மையான வேலை அங்கதான் இருக்கு. சீனியர்ஸ், வீடு பார்க்கப் போறப்போ சிவில் பசங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க. பிரியாணி மட்டும் உங்க செலவு.