நாற்பது டன்னா, நானூறு டன்னா?

1993 செப்டம்பர் 30 அதிகாலை நிலநடுக்கத்தில் கில்லாரி கிராமம் தரைமட்டமாகும்வரை, மராட்டியத்தின் லாத்தூர் வட்டாரம் நிலநடுக்க வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலத்தில்தான் இருந்தது. ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2001 புஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு, 2002-இல் இந்திய தர நிர்ணய அமைவனம் வரைபடத்தைத் திருத்தியது. முதல் மண்டலமே நீக்கப்பட்டது. சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது.

அந்தத் திருத்தத்தில் மூன்றாம் மண்டலத்துக்குத் தரப்பட்ட, நடுக்கத்தின் கடுமையைக் குறிக்கும் எண் 0.16. திருவாலங்காட்டிலோ கும்மிடிப்பூண்டியிலோ மாடி எழுப்பும் பொறியாளரின் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது. 1,000 டன் எடையுள்ள மூன்று மாடிக் கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். முறையாகக் கம்பி கட்டிய கான்கிரீட் சட்டகமாக இருந்தால், விதிப்படி அதற்குரிய பக்கவாட்டு விசை 40 டன். கடும் நடுக்கத்திலும் அது விரிசலே விடாமல் நிற்க வேண்டுமானால், அதே எண்ணின்படி தாங்க வேண்டியது 400 டன்!

மீதி 360 டன்னை விதி வகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? கட்டடத்தின் உபரி வலிமையையும், கம்பி அறுந்துவிடாமல் நீளும் என்பதையும் நம்பிக் கழித்துவிட்டார்கள். கழித்ததில் தவறில்லை, உலகெங்கும் இதே வழக்கம்தான். அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதம் தரவேண்டிய இடம் வேலைத்தளம்.

மண்ணும் சுவரும் கணக்கைப் புரட்டும். அலைவு நேரம் ஒரு விநாடியாக உள்ள உயரமான கட்டடத்தில், பாறையைவிடத் தளர்ந்த மண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் விசை வரும். மேலே செங்கல் சுவர், கீழே வெறும் பில்லர்களோடு கார் நிறுத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். 2001-இல் புஜ் நிலநடுக்க மையத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அப்படிப்பட்ட அடுக்குமாடிகள் சரிந்தன.

கம்பிக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் உருக்காலைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய இரும்பை உருக்கும்போது சேர்மானம் மாறும், வலிமையும் மாறும். 500 (மெகாபாஸ்கல்) என்று முத்திரையிட்ட கம்பி, நீளத் தொடங்கும் வலிமையாகச் சோதனையில் 650 காட்டினால் வீட்டுக்காரர் மகிழ்வார். நிலநடுக்கத்தைத் தாங்கக் கம்பி கட்டும் முறைக்கான ஐ.எஸ். 13920 விதி அதை ஏற்காது: 20 சதவீதத்துக்கு மேல், அதாவது 600-ஐத் தாண்டக் கூடாது. பீம் கம்பி அளவுக்கு மீறி வலுத்தால், பீம் வளைந்துகொடுக்கும் முன்பே பில்லர் நொறுங்கக்கூடும்.

பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கதை இதைவிட மோசம். முனை 135 பாகைக்கு உள்நோக்கி மடங்க வேண்டும். அவசரத்தில் 90 பாகையோடு விட்டால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்து பில்லர் பிதுங்கும். கழித்த 360 டன்னும் அப்போது திரும்பி வரும்.

கட்டட வரைபட அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்புகள் மண் சோதனை அறிக்கையையும் கம்பிச் சோதனைச் சான்றையும் கட்டாயமாக்க வேண்டும். வீடு கட்டுவோர், பில்லருக்குக் கான்கிரீட் போடும் முன் பொறியாளரை அழைத்து ரிங் முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை அடைத்துவிட்டால் பிறகு பார்க்க முடியாது.