பழைய மரத்துக்கு நாம் செய்தது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்தால், ஒரு காலத்தில் நம் வீடுகளில் இருந்ததெல்லாம் கடைகளில் அடுக்கிக் கிடப்பதைப் பார்க்கலாம். பர்மா தேக்கில் கடைந்த கட்டில் கால்கள், கணக்குப்பிள்ளை மேசைகள், பெல்ஜியம் கண்ணாடி பதித்த அலமாரிகள், அஞ்சறைப் பெட்டிகள், தொட்டில்கள். வியாபாரிகள் மலிவாக வாங்கி விலையேற்றி விற்கிறார்கள் என்று நாம் குறைசொல்கிறோம். அவர்கள் வாங்காமல் விட்டிருந்தால் அதில் எவ்வளவோ அடுப்புக்குப் போயிருக்கும். விற்றவர்கள் நாம்தான். விற்றபோது இது என்ன மரம், எதற்காகச் செய்தது என்று நாம் கேட்கவில்லை. இன்று திரும்ப வாங்கப் போகும்போதும் கேட்பதில்லை. முதல் தவறைவிட இந்த இரண்டாவது தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் இது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

விற்றதற்குக் காரணங்கள் இருந்தன. 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தது, பிறகு அங்கே நிலங்கள் அரசுடைமையானது என்று அடுத்தடுத்து அடி விழுந்ததில், செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைத் தாங்கிய பர்மா வருமானம் நின்றுபோனது. பங்காளிகள் பலர் உரிமை கொண்டாடும் வீட்டில் ஓர் அலமாரியைப் பிரித்துக்கொள்ள முடியாது, அதை விற்ற பணத்தைப் பிரிக்கலாம். மற்ற ஊர்களில் நெல் மூட்டையாக வீட்டுக்கு வருவது நின்றதும் பத்தாயத்துக்கு வேலை இல்லாமல் போனது. இவற்றுக்காக யாரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் விற்பதற்கு வெகுநாள் முன்பே நாம் அவற்றைக் கைவிட்டிருந்தோம். பொங்கலுக்குப் பொங்கல் தேக்குக் கதவின்மேல் எனாமல் பெயின்ட்டை ஏற்றி, செதுக்கிய பூக்களையெல்லாம் மொழுக்கென்று ஆக்கினோம். ஈட்டி மர பீரோவை ஈரச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, கரையான் ஏறியதும் மரத்தைத் திட்டினோம். பிரம்பு கிழிந்த நாற்காலியில் பிளைவுட் துண்டை வைத்து ஆணியடித்தோம்.

பிரம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரம்பு பின்னிய இருக்கை நம் வெயிலுக்கென்றே வந்தது போன்றது. காற்று புகும், முதுகு வேர்க்காது. தொய்ந்துபோனால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் காயவிட்டால் போதும், காயும்போது இழை சுருங்கி மறுபடி இறுகும். அறுந்தே போனால் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். பார்வையற்றோர் பள்ளிகளில் இதை ஒரு தொழிலாகவே கற்றுக்கொடுத்தார்கள். அலுவலக நாற்காலிகளுக்கு விரல் நுனியால் கண் எண்ணிப் பின்னிய பார்வையற்ற கலைஞர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். நாம் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மாறியபோது அவர்கள் பிழைப்பும் சேர்ந்து போனது. அதைப் பற்றி நாம் யோசிக்கக்கூட இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. பழைய சாமானுக்கு மவுசு. பழைய மாளிகைகள் விடுதிகளாகிவிட்டன, அங்கே ஒரு நாள் தங்கிவிட்டு வருகிறோம், வந்ததும் நம் இரண்டு படுக்கையறை பிளாட்டுக்கும் அந்தக் களை வேண்டும் என்று தோன்றுகிறது. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் கடையில் நாம் எதைப் பார்க்கிறோம்? செதுக்கு வேலை எவ்வளவு, புகைப்படத்தில் எப்படி விழும், விலை எவ்வளவு குறையும். சாமானைக் குப்புறத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு.

திருப்பிப் பார்த்தால்தான் அது பேசும். இழுப்பறையை முழுதாக வெளியே உருவி மூலையைப் பாருங்கள். கையால் வெட்டிய புறாவால் மூட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, எந்திரம் வெட்டியவை அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். நல்ல தச்சுவேலையில் ஒரு மரத்தின் கழுந்து மற்றதன் துளைக்குள் போய் உட்கார்ந்து, மர முளையோ மூங்கில் ஆணியோ அதைப் பூட்டியிருக்கும். பழைய வட்ட மேசையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தால் சற்றே முட்டை வடிவமாகியிருக்கும், ஏனென்றால் மரம் இழைக்குக் குறுக்கே அதிகம் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது. அடியில் மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் உளுப்பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். பழைய உத்தரத்தை அறுத்துச் செய்த புது மேசை பழைய மேசை ஆகாது. அதை அப்படியே சொல்லி விற்றால் அதில் பிழையும் இல்லை. நாம் கேட்பதில்லை என்பதால் சொல்லாமல் விற்கிறார்கள். மேசையாக்குவதற்காக முழு நிலைக்கதவை அறுக்கவும் செய்கிறார்கள். அந்த அறுப்புக்கு முன்பணம் கொடுப்பது நாம்.

வீட்டையும் நாம் பார்ப்பதில்லை. உயர்ந்த கூரை உள்ள கூடத்தில் நின்ற அலமாரியை ஒன்பதரை அடிக் கூரைக்குக் கீழே கொண்டுவந்தால் அறையே மூச்சுமுட்டும். லிப்டில் ஏறாது, மாடிப்படி திருப்பத்தில் திரும்பாது என்று வண்டி வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது. கைப்பிடி நீண்ட ஈசி சேருக்குக் கால் நீட்டும் இடமும் சேர்த்து ஆறடிக்கு மேல் வேண்டும். ஊஞ்சல் பலகை வாங்குவது எளிது, ஆனால் அதைத் தாங்கும் கொக்கியைத் தளம் போடும்போதே கம்பியோடு கட்டியிருக்க வேண்டும், கட்டி முடித்த கூரையில் துளையிட்டு மாட்டுவது ஆபத்து. சின்ன வீட்டுக்கு ஏற்ற பழைய சாமான்கள் ஏராளம் உண்டு: முக்காலி, மணைப்பலகை, நகைப்பெட்டி, ஒற்றைக் கண்ணாடி அலமாரி, வாசல் நடைக்கு ஒரு விசுப்பலகை. அவற்றை நாம் தாண்டிப் போய்விடுகிறோம், பெரியதுதான் கண்ணில் படுகிறது.

அடுத்து நம்மையே நாம் பார்க்காதது. மனிதருக்கு ஏற்ற சாமான் என்றால் அவருடைய பழக்கத்துக்கு ஏற்றது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். தரையில் சம்மணமிட்டு உட்காரப் பிடித்தவருக்குக் கணக்குப்பிள்ளை மேசையைப் போல ஒன்று கிடைக்காது. சாய்ந்த பலகையில் கையால் எழுதலாம், மூடியைத் தூக்கினால் தாளும் பேனாவும் உள்ளே இருக்கும். அதையே தரையில் உட்காராத ஒருவர் வாங்கி, வரவேற்பறை மூலையில் பூச்சாடி வைத்துவிட்டால் அந்த மேசை வேலையில்லாமல் நிற்கும். முட்டி வலி உள்ள பெரியவர் இருக்கும் வீட்டுக்குத் தாழ்ந்த திவான் வேண்டாம், கைப்பிடி உயர்ந்த நாற்காலி வேண்டும். குழந்தைகள் ஓடும் வீட்டில் கண்ணாடி பதித்த பெட்டகம் வைத்துவிட்டு நாளெல்லாம் அவர்களை அதட்டிக்கொண்டிருப்பது இரு தரப்புக்கும் கொடுமை. வந்து போகும் விருந்தாளியின் கண்ணுக்காகத் தேர்ந்தெடுத்தோம், தினமும் உட்கார்ந்து எழும் நம் உடம்பைக் கேட்கவில்லை.

வாங்கி வந்த பிறகாவது மதித்தோமா? எந்திரம் வைத்துத் தேய்த்து, கைபட்டுக் கைபட்டு ஏறிய அந்த ஆழ்ந்த நிறத்தை ஒரே பகலில் உரித்துவிட்டு, மெலமைன் அடித்துப் பளபளப்பாக்கினோம். அரக்கு பாலிஷ் மேல் கீறல் விழுந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். மெலமைன் உரிந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும். இதைச் சொல்லக்கூடிய ஆசாரியை நாம் கேட்கவில்லை, அவருக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசினோம், அவர் பிள்ளைகள் பட்டறைக்கு வரவில்லை.

ஈட்டி மரம் இனி எளிதில் கிடைக்கப்போவதில்லை. அது சேர்ந்த மரப் பேரினம் முழுவதும் 2017 முதல் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நூறாண்டு கடந்த கலைப்பொருளை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் சொல்கிறது. ஆனால் நம் வீட்டு நடையில் கிடப்பதைக் காக்கச் சட்டம் வராது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு மனிதர் பழைய புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்ததால், 1994 முதல் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. மரத்துக்கு அந்த அக்கறையை நாம் காட்டவில்லை. இந்தக் கட்டில் யாருடைய சீர், இந்த மேசை எந்த ஊர் ஆசாரி செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி இழுப்பறைக்குள் ஒட்டியிருக்கிறோமா?

சொல்லத் தெரிந்தவர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பாட்டிக்கு அந்தப் பெட்டகம் எந்த வண்டியில் வந்தது என்பது நினைவிருக்கும். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பரணில் கிடக்கும் நாற்காலியை இறக்கி, தூசி தட்டி, அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வோம். பிரம்பு பின்னத் தெரிந்தவர் அந்த ஊரில் யார் என்றும் விசாரித்து, கேட்ட கூலியைக் கொடுத்துப் பின்னச் சொல்வோம்.