காவல் விதையிலேயே இருக்கு!



சம்பா நெல்லில் இலை நுனி வெளுத்து, ஓரம் கருகிக் கீழே இறங்குதே, அது பாக்டீரியா இலைக்கருகல். பூஞ்சாண நோய் அல்ல. ஆனாலும் பூஞ்சாண மருந்தைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள். காசும் போச்சு, பயிரும் போச்சு! யூரியாவை அள்ளிப் போட்டால் நோய் இன்னும் ஏறும்.

பயிர் ஒன்றும் கையாலாகாதது அல்ல. பூஞ்சாணத்தின் சுவரை உடைக்கும் கைட்டினேஸ், கிருமியை ஒடுக்கும் டிஃபென்சின் போன்ற புரதங்களைத் தானே தயாரிக்கிறது. ஆனால் கிருமி நுழைந்ததை அறிந்து எதிர்ப்பைத் தட்டியெழுப்ப ஒரு காவலாளி வேண்டும். ஆப்பிரிக்கக் காட்டு நெல்லில் இருந்து வந்த எக்ஸ்.ஏ.21 மரபணு தருவது அப்படியொரு காவல் புரதம். அதோடு இன்னும் 2 மரபணுக்களைச் சேர்த்து, நாம் ஆந்திரா பொன்னி என்கிற பி.பி.டி. 5204 ரகத்தை ஐதராபாத் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் மேம்படுத்தின. 2008-இல் வெளிவந்த அந்த ரகம் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி. மரபணு மாற்றுப் பயிர் அல்ல; இனக்கலப்பு செய்து பொறுக்கி எடுத்தது. இலைக்கருகலைத் தாங்கும், குலைநோயைத் தாங்காது.

நம் வரிப்பணத்தில் பிறந்த விதை நம் வயலுக்கு வரவேண்டாமா?

நோய் தாங்கும் நெல் விதை எல்லா வேளாண் விரிவாக்க மையத்திலும் நாற்றங்காலுக்கு முன்பே மானிய விலையில் கிடைக்க வேண்டும்! எந்த ரகம் எந்த நோயைத் தாங்கும் என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும்!

விளைந்ததில் விதை எடுத்துவைக்கவும், பக்கத்து வயலுக்குக் கொடுக்கவும் 2001-ஆம் ஆண்டு பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கு. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டோம்.

கேட்டு வாங்குவோம்! அணி திரள்வோம்!