துருவைத் துடைக்குமுன்...



பழம்பொருள் சேகரிப்போர் பலர் பொன்னையும் பீங்கானையும் தேடுவர். ஜப்பானில் சிலரோ, அரிசி மூட்டையும் தபால் பையும் சுமந்து ஓய்ந்த கனத்த மிதிவண்டிகளைத் தேடிச் சேர்க்கின்றனர். 'ஜிட்சுயோஷா' என்பது அவ்வண்டியின் பெயர். அன்றாடப் பயனுக்குரிய வண்டி என்பது பொருள். ஆங்கிலேய வண்டியைப் பார்த்து உருவானதால், கம்பியால் இயங்கும் பிரேக், உறுதியான காரியர், கரிய வண்ணம் என நம் ஊர்ப் பழைய சைக்கிளின் உடன்பிறப்பாகவே அது காட்சியளிக்கும்.

அத்தகைய வண்டியின் வயதை எவ்வாறு அறிவது? கைப்பிடிக்குக் கீழே, முன்புறக் குழாயில் பதித்துள்ள உலோகச் சின்னத்தை முதலில் பாருங்கள். துப்பாக்கி செய்துவந்த மியாட்டா நிறுவனம் 1890-களிலேயே மிதிவண்டி செய்தது. டயர் செய்துவந்த பிரிட்ஜ்ஸ்டோனோ இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இத்தொழிலில் இறங்கியது. ஆகவே பிரிட்ஜ்ஸ்டோன் வண்டி எதுவும் போருக்கு முந்தியதாக இருக்க இயலாது.

அடுத்து, எழுத்தோடும் திசையைக் கவனியுங்கள். முற்காலத்தில் ஜப்பானியர் படுக்கை வரியைப் பெரும்பாலும் அரபு எழுத்தைப் போல வலமிருந்து இடமாகவே எழுதினர். போருக்குப் பின் அது இடமிருந்து வலமாக மாறியது. மூன்றாவது சான்று, வரி செலுத்தியதற்கு அடையாளமான சிறு தகடு. மிதிவண்டி மீதான வரி அங்கு 1958-இல் நீக்கப்பட்டது. எனவே தகடுள்ள வண்டி அதற்கு முந்தியதெனக் கொள்ளலாம்.

ஆயினும் ஒரே சாட்சியின் சொல்லைக் கேட்டுத் தீர்ப்பளித்துவிடலாகாது. உழைக்கும் வண்டியில் தேய்ந்த உறுப்புகளை மாற்றிக்கொண்டே இருப்பர். மத்சுஷிதா கோனோசுகே 1923-இல் விற்பனைக்குக் கொணர்ந்த தோட்டா வடிவ பேட்டரி விளக்கு, அதற்கும் மூத்த வண்டியில் பிற்பாடு ஏறியிருக்கலாம். சின்னம், எழுத்து, தகடு, விளக்கு ஆகிய அனைத்தும் ஒத்துச் சொன்னால்தான் முடிவுக்கு வரவேண்டும்.

இங்கேதான் பேரிழப்பு ஒன்று நேர்கிறது. வாங்கியவுடன் வண்டியைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசிவிடுவோர் உண்டு. வண்டி பளபளக்கும், ஆனால் பேசாது! ஃபிரேமின் நடுவே தகட்டில் எழுதியிருந்த கடையின் பெயர் அத்துடன் மறைந்துவிடும். அரிசிக் கடையில் உழைத்ததா, தெருத்தெருவாகச் சென்று படக்கதை சொல்லிய 'கமிஷிபாய்' கலைஞரைச் சுமந்ததா என்று பிறகு யார் சொல்வார்?

ஆதலின், பழைய வண்டி கைக்கு வந்தால் அவசரப்படாதீர்கள். முதலில் ஒவ்வொரு பகுதியையும் புகைப்படம் எடுங்கள். எண்ணெய் தோய்ந்த மென்துணியால் தூசியை மட்டும் அகற்றுங்கள். கழற்றிய சிறு திருகைக்கூட எறியாமல் எடுத்து வையுங்கள். எளிய மனிதர் எவரும் தம் உழைப்பை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. தேய்ந்த பெடலும் வளைந்த காரியருமே அவர்கள் விட்டுச்சென்ற ஏடுகள். அவற்றை அழித்துவிட்டு எதைச் சேகரிக்கப் போகிறோம்?