சாவி கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தூத்துக்குடி ஹார்பர்ல கிளியரிங் ஏஜென்சி நடத்துற நண்பன் மூஞ்சியைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். எட்டு மாசம் முன்னாடி வேலையை விட்டுப் போன பையன், இன்னமும் இவங்க கூகுள் டிரைவ் ஃபோல்டரைத் திறந்து பார்க்கிறானாம். உள்ளே ரேட் கொட்டேஷன், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் எல்லாம் இருக்கு. பையன் இப்ப இருக்கிறது போட்டி கம்பெனியில. ரெண்டு பார்ட்டி கை மாறியாச்சு.

"ஹேக் பண்ணிட்டாம்ல"ன்னான்.

இல்ல மக்கா, அவன் பூட்டை உடைக்கல. நீ குடுத்த சாவியை நீ திரும்ப வாங்கல. அவ்ளோதான்.

இதே பையன் ஹார்பர் உள்ளே போகணும்னா பாஸ் வேணும். பாஸ்ல தேதி இருக்கும். தேதி முடிஞ்சா கேட்ல நிக்கிற சி.ஐ.எஸ்.எஃப். ஆள் விடமாட்டார். ஃபோல்டருக்கு மட்டும் ஏன் ஆயுள் சந்தா?

பெரிய இடத்துலயும் இந்த அலட்சியம்தான். 2020 மே கடைசியில விபிஎன்மென்டர் ஒரு அறிக்கை விட்டாங்க. பீம் செயலிக்கு ஆள் சேர்த்த ஒரு தளத்தோட அமேசான் எஸ்3 பக்கெட் திறந்தே கிடந்துச்சாம். 409 ஜிபி, சுமார் 70 லட்சம் பதிவுகள், ஆதார் ஸ்கேன் உட்பட. பீம் செயலிக்குள்ள யாரும் புகுந்துடலன்னு என்பிசிஐ மறுத்துச்சு. சரி, புகுந்திருக்க வேணாம். வாசல் திறந்திருந்தா எதுக்குப் புகணும்?

2023 ஏப்ரல்லேர்ந்து புது பக்கெட்டை அமேசானே பூட்டித்தான் தருது. நல்லதுதான். ஆனா அது ஊருக்குத் திறந்த வாசலை மட்டும்தான் மூடும். பேர் சொல்லி நாமளே குடுத்த அனுமதியை யார் எடுக்கிறது? "கெடுபிடி பண்ணா வேலை ஓடாது"ங்கிறாங்க. கெடுபிடி வேணாம். வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு குடுங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பட்டியலைப் பாருங்க, ஆள் கிளம்புற அன்னைக்கே பேரை எடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

முத்துக்குளிப்பு நடந்த காலத்துல, கடலுக்குள்ள இறங்குறவன் கயிறை மச்சான் கையிலதான் குடுப்பான்னு எங்க ஊர்ல சொல்வாங்க. கயிறு யார் கையிலன்னு அவனுக்குத் தெரியும். நமக்குத் தெரியுமா?

ரொம்பப் பேசிட்டு என் டிரைவையும் திறந்து பார்த்தேன். பான் கார்டு ஸ்கேன் இருக்கிற ஃபோல்டர், 'லிங்க் உள்ள யாரும்'னு நாலு வருஷமா திறந்து கிடக்கு. ஹிஹி... நீங்களும் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்க :-)