பல்லோடு எலும்பும் போகுதே!

'பல் போனா சொல் போச்சு' என்பார்கள். சொல் மட்டுமா? தாடை எலும்பும் சேர்ந்து போகிறது என்பதை என் வாயை வைத்தே தெரிந்துகொண்டேன்.

எட்டு வருஷத்துக்கு முன், சின்னவன் கைக்குழந்தை. எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. "வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம்" என்றார் டாக்டர். குழந்தையை விட்டுட்டு நாலு தடவை யார் அலைவது, செலவு வேறு என்று, "புடுங்கிடுங்க சார்" என்றேன். உள்பல்தானே, சிரித்தால்கூடத் தெரியாது என்று ஓட்டையை அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த வருஷமே என் கணவருக்குப் பல்வலி வந்தது. அவருக்கு மட்டும் அதே வேர் சிகிச்சை செய்து, மூடியும் போட்டோம். அப்போது செலவு யாருக்கும் பெரிசாகத் தெரியவில்லை!

சமீபத்தில் என் மாமியாரைப் பல்செட்டுக்காக கோரிமேடு மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். "கீழ் செட் நிக்கவே மாட்டேங்குதும்மா" என்று அத்தை புலம்ப, அங்கிருந்த லேடி டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

பல் எடுத்த குழியில் முதலில் ரத்தம் உறையும். அந்தக் கட்டிதான் மருந்து. இரண்டு, மூன்று வாரத்தில் மேலே ஈறு மூடிக்கொள்ளும். உள்ளே எலும்பு நிரம்ப 3 முதல் 6 மாதம் ஆகும். குழி தூர்ந்தாலும் பழைய உயரமும் அகலமும் திரும்ப வராது. பல்லைத் தாங்கத்தான் அந்த எலும்பு. பல் இல்லையென்றால் அதற்கு வேலை இல்லை, தேய்ந்துபோகிறது. ஒரே வருஷத்தில் அகலம் ஏறக்குறையப் பாதியாகிவிடலாம். அதிலும் பெரும்பங்கு முதல் 3 மாதத்திலேயே! மேல் தாடையைவிடக் கீழ்த் தாடைதான் அதிகம் தேயுமாம். அத்தையின் செட் ஆடுவதற்குக் காரணம் புரிந்தது.

அப்படியே என் வாயையும் காட்டினேன். பக்கத்துப் பல் ஓட்டைப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மேல்பல் கீழே இறங்கியிருக்கிறது. திருகுப் பல் வைக்கலாம் என்றால், அதைப் பிடித்துக்கொள்ள எலும்பு போதவில்லை. முதலில் எலும்புத்தூள் வைத்து வளர்க்க வேண்டுமாம். அன்றைக்கு மிச்சம் பிடித்தது இன்றைக்குப் பல மடங்கு செலவாக நிற்கிறது.

பல் பிடுங்கியே ஆகவேண்டும் என்றால், முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், நாக்கால் துழாவாதீர்கள். ரத்தக்கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து உயிர் போகிற வலி வரும். மூன்றாம் நாளுக்கு மேல் வலி கூடினால் கிராம்பு வைத்துச் சமாளிக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

சகோதரிகளே! வீட்டில் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். நம் பல் என்றால் மட்டும் ஏன் "புடுங்கிடுங்க"? அப்படிச் சொல்லும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இதைக் காப்பாத்த முடியாதா? முடியாதுன்னா அந்த இடத்துக்கு என்ன செய்யணும், எப்போ செய்யணும்?"

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.