காளானும் மருந்துப் பேச்சும்

மழை ஓய்ந்ததும் புற்றடியில் காளான் பறித்து வந்து குழம்பு வைத்துண்டவர்கள் நாம். இன்றோ அதனைப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்து, நோய் எதிர்ப்பாற்றல் தரும், புற்றுநோயைப் போக்கும் என்று விற்பார் பெருகிவிட்டனர். பால் காளான் வளர்க்கும் நமது அங்கத்தினர் சிலரும் தங்கள் பொட்டலங்களில் இத்தகைய வாசகங்களை அச்சிடலாமா என வினவுகின்றனர். கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.

அப்பேச்சு முழுப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. காளானின் செல்சுவரில் பீட்டா-குளுக்கான் என்றொரு பொருள் உண்டு. நம் வெள்ளணுக்கள் சிலவற்றின்மேல் உள்ள டெக்டின்-1 என்னும் ஏற்பி அதனைப் பூஞ்சையின் அடையாளமாக உணர்ந்து, அவ்வணுக்களைத் தூண்டுகிறது. ஜப்பானிய அறிஞர்கள் ஷீட்டாகே காளானிலிருந்து லென்டினான் என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1969-இல் அறிவித்தனர். 1985-இல் அந்நாட்டரசு அதனை இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. எவ்விதம்? தூய்மை செய்து, ஊசி வாயிலாக, வேறு புற்றுநோய் மருந்துக்குத் துணையாக! குழம்பில் இட்ட காளானுக்கும் அதற்கும் வெகுதூரம். புட்டிகளில் பெரிதும் விலைபோகும் ரெய்ஷி காளானைப் பற்றிய சோதனைகளைச் சீர்தூக்கிய காக்ரேன் மதிப்பீடும், அதனைப் புற்றுநோய்க்கு முதற்சிகிச்சையாகக் கொள்ளப் போதிய சான்று இல்லை என்றே 2016-இல் கூறியது.

பொட்டலத்து வாசகத்தை நம்பி ஒருவர் ஆஸ்பத்திரிச் சிகிச்சையை நிறுத்திவிட்டால் அப்பழி யாரைச் சாரும்? மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றவர், எதிர்ப்பாற்றலைத் தணிக்கவே மருந்து உண்கிறார்; அதனைத் தூண்டுவது அவருக்கு நன்மையாகாது. புற்றுநோய், நீரிழிவு போன்றவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் தடுக்கிறது.

உணவென்று விற்பதில் என்ன குறைவு? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் அருப்புக்கோட்டையிலிருந்து வெளியிட்ட ஏ.பி.கே.-2 பால் காளான், 30 முதல் 35 பாகை வெப்பத்தில் செழிப்பது. புதுக்கோட்டை வெயிலுக்கென்றே பிறந்தது போன்றது! வைக்கோல் நம்மிடமே இருக்கிறது. சிப்பிக் காளானோ கழிவுப் பஞ்சிலும் வளரும். நெசவாள அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக. புரதத்தைப் பற்றியும் மிகைபடப் பேச வேண்டுவதில்லை. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீரே.

ஆகவே பொட்டலத்தில் காளானின் பெயர், எடை, பறித்த தேதி, விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை இருக்கட்டும். வளர்ப்பு முறையில் ஐயமுடையோர் வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரைக் கேட்கலாம். நோயைப் பற்றிய ஐயத்தை டாக்டரிடம் கேட்க வேண்டும்.